கைக்கு எட்டிய குரல்



ஆட்டிசம் உள்ள பிள்ளை வளரும் இல்லங்களில் ஒரு கேள்வி உண்டு. விருந்தினர் முன்னிலையில் அது எழுவதில்லை. பிள்ளை உறங்கி, விளக்கை அணைத்த பின்னர் எழுவது. "நமக்குப் பின் இவனை யார் பார்த்துக்கொள்வார்?" என்பதே அக்கேள்வி. தமையன் பார்த்துக்கொள்வான், தாய்மாமன் வீடு இருக்கிறது, நிலத்தில் ஒரு பங்கை எழுதி வைத்துவிடலாம் என்று பெற்றோர் விடை தேடுவர். இவ்விடைகள் யாவும் ஓர் ஆளைத் தேடுகின்றன. ஆள் தேடுவதற்கு முன்னரே கேட்க வேண்டிய மற்றொரு கேள்வி இருக்கிறது. எந்தெந்தச் செயல்களை அப்பிள்ளை தானே செய்துகொள்ளும்? வலிக்கிறது என்று சொல்லத் தெரியுமா? வேண்டாம் என்று மறுக்கத் தெரியுமா? கடைக்குப் போய் ஒரு பொருளை வாங்கிக்கொண்டு வீடு திரும்பத் தெரியுமா? இவ்வுரை அந்த இரண்டாம் கேள்வியைப் பற்றியது. அதற்குத் துணையாகும் கருவியும் அரிய பொருள் அன்று. இவ்வரங்கில் ஏறத்தாழ எல்லோர் கையிலும் இருக்கும் கைபேசிதான்.

1943-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கன்னர் என்னும் குழந்தைகள் மனநல மருத்துவர், 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்நிலை மருத்துவ உலகின் கவனத்திற்கு வந்தது அதனால்தான். 'ஆட்டோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் 'தான்' என்பது பொருள். தமிழில் 'மதியிறுக்கம்' என வழங்குகின்றனர். ஆட்டிசம் உடையோருள் அறிவுத்திறன் குறைந்தோரும் உளர், மிக்கோரும் உளர். ஆதலின் மதியைச் சுட்டும் அச்சொல் முற்றும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. மக்கள் நாவில் பழகிவிட்ட ஆட்டிசம் என்பதே இங்கு ஆளப்படுகிறது.

இது மூளை வளர்ச்சியில் பிறப்போடு அமைந்த ஒரு வேறுபாடு. தாய் அன்பு காட்டாமையால் வந்த நோய் என்று ஒரு காலத்தில் அமெரிக்கக் கற்றோரே எழுதினர். அப்பழியை 1964-இல் தம் நூலால் தகர்த்தவர் பெர்னார்டு ரிம்லாண்டு என்னும் உளவியலார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையே. அங்கே அறுபது ஆண்டுகளுக்கு முன் தள்ளப்பட்ட கருத்து நம் தெருக்களில் இன்னும் உலவுகிறது. "வேலைக்குப் போனாள், பிள்ளையைக் கவனிக்கவில்லை" என்று சொல்லும் உறவினர் எல்லாக் குடும்பங்களிலும் ஒருவராவது இருக்கின்றனர். அத்தாய்மாருக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளிற் சிலர் சரளமாகப் பேசுவர்; சிலர் கேட்ட தொடரையே திரும்பத் திரும்பச் சொல்வர்; சிலர் பேசுவதே இல்லை. ஆயினும் பலருக்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு. காற்றோடு கலந்து மறையும் சொல்லைவிட, கண்முன் நிலைத்து நிற்கும் படம் அவர்களுக்கு எளிதில் விளங்குகிறது. "குளித்துவிட்டு, உடை மாற்றிக்கொண்டு, சாப்பிட்டபின் போகலாம்" என்று தாய் ஒரே மூச்சில் சொல்லும்போது பிள்ளையின் செவியில் கடைசிச் சொல் மட்டுமே தங்கியிருக்கலாம். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பான்; அடம் என்று வீடு சினந்துகொள்ளும். அதே நான்கு செயல்களும் நான்கு படங்களாகச் சுவரில் இருந்தால் அவன் தானே ஒவ்வொன்றாக முடித்து வருவான். வட கரோலினா மாநிலத்தில் 1972 முதல் நடைபெற்று வரும் 'டீச்' திட்டம் இந்த இயல்பின் மீதே கட்டப்பட்டது. 1985-இல் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி போண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் வகுத்த முறையில், குழந்தை ஒரு பட அட்டையை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுக்கும். உடனே அப்பொருளைப் பெறும். எளிய விளையாட்டுப் போலத் தோன்றினும், ஒரு செய்தியைக் கேட்க மற்றொருவர் வேண்டும் என்னும் உண்மையை அக்குழந்தை அங்குதான் முதன்முதலில் கற்கிறது.

அட்டைகள் கிழியும், தொலையும்; நூறு சொற்களுக்கு மேற்பட்டால் சுமக்கவும் இயலாது. அந்த இடத்தில்தான் மின்கருவி வந்து சேர்ந்தது. படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும் கருவிகள் மேலைநாடுகளில் முன்பே இருந்தன. எனினும் அவற்றின் விலை இலட்சங்களில் இருந்தது. அவை பேசியதும் வெளிநாட்டு ஆங்கிலம். சென்னைக் கோட்டூர்புரத்தில் உள்ள வித்யா சாகர் நிறுவனம், 1985 முதல் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கல்வி தந்து வருவது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவில் பணியாற்றித் திரும்பிய அஜித் நாராயணன் என்னும் பொறியாளர், அங்கிருந்த ஆசிரியர்களோடும் குழந்தைகளோடும் கலந்து ஒரு கருவியை உருவாக்கினார். 2010-ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த அதன் பெயர் 'ஆவாஸ்'. இந்தி பேசுவோர் வழக்கில் குரல் என்று பொருள்படுவது. பேச இயலாத மூளை முடக்குவாதக் குழந்தைகளை எண்ணியே முதலில் அது வடிவமைக்கப்பட்டது. பின்னர் ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் அதைப் பெரிதும் பயன்படுத்தத் தொடங்கினர். 2011-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இதழ் வெளியிட்ட, உலகின் 35 இளம் புதுமையாளர் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. தனிக்கருவியாகப் பிறந்த ஆவாஸ் சில ஆண்டுகளில் பலகைக் கணினிக்குரிய செயலியாக மாறி, இன்று தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் கிடைக்கிறது. கோட்டூர்புரத்து வகுப்பறை ஒன்றின் தேவையிலிருந்து இத்தகைய கருவி பிறந்தது என்பதைத் தமிழ்நாட்டார் பலர் அறியாதிருப்பது வருத்தத்திற்குரியது.

இங்கே தமிழ் இலக்கணத்தைச் சற்று நினைத்துப் பார்ப்பது பயன் தரும். ஆங்கிலத்தில் 'ஐ', 'வான்ட்', 'வாட்டர்' என்னும் மூன்று படங்களை இடமிருந்து வலமாகத் தொட்டால் வாக்கியம் நிறைவடைகிறது. அப்பலகையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "நான் வேண்டும் தண்ணீர்" என்றாகும். எந்தத் தமிழ் வீட்டிலும் எவரும் அவ்வாறு பேசுவதில்லை. தமிழில் 'நான்' என்பது நான்காம் வேற்றுமை ஏற்று 'எனக்கு' என நிற்கும். 'வேண்டும்' இறுதிக்குச் செல்லும். ஆகவே தமிழ்ப் படப்பலகையில் 'நான்', 'எனக்கு' ஆகிய இரண்டும் தனித்தனிக் கட்டங்களாக அமைதல் வேண்டும். மறுப்பில் தமிழுக்கு ஒரு வசதியும் உண்டு. ஆங்கிலக் குழந்தை பல சொற்களைக் கோத்துச் சொல்லும் மறுப்பைத் தமிழ்க் குழந்தை 'வேண்டாம்' என்னும் ஒரே கட்டத்தைத் தொட்டுச் சொல்லிவிடலாம்.

பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுபடுவது மற்றொரு சிக்கல். வீட்டார் "தண்ணி வேணும்" என்பர். கருவி "தண்ணீர் வேண்டும்" என்று மேடைத் தமிழில் முழங்கும். இரண்டும் ஒன்றே என்பது பிள்ளைக்குத் தானாக விளங்கிவிடாது. பல செயலிகளில் சொற்களை நாமே பதிவு செய்துகொள்ள இயலும். முதல் ஐம்பது சொற்களைத் தாயோ தமக்கையோ வீட்டு வழக்கிலேயே பேசிப் பதிவு செய்துவிட்டால் அக்குறை பெரிதும் தீரும். பேசப் போவது ஆண் பிள்ளை என்றால் அவனை ஒத்த வயதுடைய ஒரு பையனின் குரல் இன்னும் சிறப்பு.

திருத்தணிக்கு மேலும் ஒன்று உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை இவ்வூர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. தண்ணீரை 'நீள்ளு' என்பவரும் பக்கத்து வீட்டில் இருப்பர். இரு மொழிகளைக் கேட்டால் பிள்ளை குழம்பிவிடும், ஒன்றை விட்டுவிடுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்வோர் உளர். இருமொழிச் சூழலில் வளர்வது ஆட்டிசம் உள்ள குழந்தையின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாயின் மொழி பலகையின் முதன்மொழியாக இருக்கட்டும். தெருவின் சொற்களும் பக்கத்தில் இருக்கட்டும்.

கருவி பேசப் பழகிவிட்டால் பிள்ளை வாய் திறவாமலே போய்விடும் என்பது பெற்றோரின் பேரச்சம். இந்த அச்சத்தால் ஐந்தாறு ஆண்டுகளை இழந்த குடும்பங்கள் பல. பேச்சுப் பயிற்சி பலிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கும் காலத்தில் பிள்ளையிடம் எஞ்சுவது அழுகையும் கடித்தலும் தலையை மோதுதலுமே. 2006-ஆம் ஆண்டில் மில்லர், லைட், ஷ்லோசர் என்னும் மூவர் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். நம்பத்தக்க சான்றுடைய ஆய்வுகளில் இடம்பெற்ற வளர்ச்சிக் குறைபாடுடைய 27 பேருள், இத்தகைய துணைமுறைகளால் பேச்சு குறைந்தவர் ஒருவரும் இல்லை. பெரும்பாலோர்க்குப் பேச்சு ஓரளவு கூடியது. மிகையான நம்பிக்கை வேண்டியதில்லை, எல்லோரும் பேசிவிடுவதில்லை. ஆனால் அஞ்சுவதற்கு இதில் ஒன்றும் இல்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்று. 1990-களின் தொடக்கத்தில் மேலைநாடுகளில் ஒரு முறை பரவியது. உதவியாளர் பிள்ளையின் கையைத் தாங்கிப் பிடிப்பார்; அக்கை எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு அழகிய வாக்கியங்களை எழுதும். ஊமையாயிருந்த மகன் கவிதை எழுதுகிறான் என்று பெற்றோர் கண்ணீர் வடித்தனர். பின்னர் பிள்ளைக்கு ஒரு படத்தையும் உதவியாளருக்கு வேறொரு படத்தையும் காட்டிச் சோதித்தபோது, எழுதப்பட்டது உதவியாளர் கண்ட படத்தின் பெயர்! அவர்கள் ஏமாற்ற எண்ணியவர்கள் அல்லர். தம் கையே எழுதுகிறது என்பதை அவர்களே உணர்ந்திருக்கவில்லை. 1994-இல் அமெரிக்க உளவியல் சங்கம் அம்முறைக்கு அறிவியல் சான்று இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஆதலால் கைபேசியைத் தொடும் விரல் பிள்ளையின் விரலாகவே இருத்தல் வேண்டும். அவன் தொட்டது ஒரே ஒரு சொல்லாயினும், தவறான சொல்லாயினும், அது அவன் சொல். தொடக்கத்தில் கைபிடித்துக் காட்டுவது இயல்பே. பிறகு மணிக்கட்டைத் தொடுதல், பிறகு முழங்கையைத் தொடுதல், பிறகு வெறுமனே பக்கத்தில் இருத்தல் என உதவி படிப்படியாகப் பின்வாங்க வேண்டும்.

பிள்ளைகள் திரையில் மூழ்கிக் கெடுகின்றனரே, இங்குக் கைபேசியைக் கொடு என்று சொல்வதா என்னும் ஐயம் எழும். நியாயமான ஐயமே. காணொளி ஓடும் கைபேசியையும் பேசும் கைபேசியையும் ஒன்றாக வைத்தால் பிள்ளை காணொளியைத்தான் நாடும். வீட்டில் ஒதுக்கிய பழைய கைபேசி ஒன்றில் பேசும் செயலியை மட்டும் வைத்துவிடலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஒரு செயலியைத் திரையில் பூட்டி வைக்கும் வசதியும், ஐபேடில் அதையொத்த வசதியும் உள்ளன. அவ்வாறு பேசுவதற்கென ஒதுக்கிய கருவியை எக்காரணத்தாலும் தண்டனையாகப் பிடுங்கலாகாது. சொன்ன சொல் கேளாத பிள்ளையின் வாயை யாரும் தைத்து வைப்பதில்லை.

இன்னொன்றும் இங்கே சொல்லியாக வேண்டும். பெற்றோர் முதலில் ஏற்றும் சொற்கள் எவை என்று பார்த்தால், சோறு, தண்ணீர், கழிப்பறை, பிஸ்கட் என்று பெயர்களாகவே இருக்கும். வேண்டாம், போதும், நிறுத்து, வலிக்கிறது, பயமாக இருக்கிறது, என்னைத் தொடாதே, அம்மாவைக் கூப்பிடு ஆகிய சொற்கள் பலகையில் இரா. ஒரு நாளில் நூறு முறை பிள்ளை "வேண்டாம்" என்னும் கட்டத்தைத் தொட்டால் வீட்டார்க்குத் தொல்லைதான். ஆயினும் வீட்டில் மறுக்கக் கற்காத பிள்ளை வெளியில் தகாத கை தன்மேல் படும்போது எவ்வாறு மறுக்கும்? உடல் உறுப்புகளின் பெயர்களும், அந்தரங்க உறுப்புகள் உட்பட, பலகையில் இருத்தல் வேண்டும். எங்கே வலிக்கிறது என்று மருத்துவர்க்குச் சொல்லவும், எங்கே தொட்டார் என்று தாய்க்குச் சொல்லவும் அச்சொற்களே உதவும். இதில் கூச்சம் பார்ப்பதால் வரும் இழப்பு பெரிது.

அன்றாட ஒழுங்குக்கு வருவோம். கடிகாரம் காட்டும் நேரத்தைப் பிடிவாதமாகப் பற்றிக்கொள்வது இப்பிள்ளைகள் பலரின் இயல்பு. ஞாயிறு மறையுமுன் உணவை முடித்துக்கொள்ளும் இல்லங்களில் இது ஒரு தனிச் சிக்கலைத் தருகிறது. இப்பகுதியில் நவம்பர் இறுதியில் 5.40 மணியளவில் மறையும் ஞாயிறு சூலைத் தொடக்கத்தில் 6.40 மணிக்கு நெருங்கி மறைகிறது. இடையே ஏறத்தாழ ஒரு மணி வேறுபாடு. 6 மணிக்குச் சாப்பாடு என்று கோடையில் பழகிய பிள்ளையை ஐப்பசியில் 5.15-க்கே தட்டின் முன் அமரச் சொன்னால் அவன் உலகம் நிலைகுலைகிறது. கைபேசியிலுள்ள நாட்காட்டி அந்தந்த நாளின் மறைவு நேரத்தைக் காட்டும். அதற்கு அரைமணி முன்னர் ஒலிக்கும்படி ஒரு மணியோசையை அமைத்து, "மணி ஒலித்தால் சாப்பாடு" என்னும் படத்தை ஒட்டிவிட்டால், எண்ணைப் பற்றியிருந்த பிள்ளை மணியோசையைப் பற்றிக்கொள்ளும். ஐப்பசிக்குக் காத்திராமல், வாரத்திற்கு ஐந்து நிமிடமாக முன்னகர்த்தி வருவது நலம்.

கூட்டமும் ஓசையும் மற்றொரு துன்பம். ஆடிக் கிருத்திகை நாள்களில் இவ்வூர்த் தெருக்களில் காவடிகளும் பம்பை ஓசையும் நிறைந்திருக்கும். மேல்சித்தாமூருக்குத் தேர் பார்க்கச் செல்லும்போதும் கூட்டத்திற்குக் குறைவிராது. முந்தைய ஆண்டின் படங்களையும் ஓசையையும் கைபேசியில் ஒரு வாரம் முன்பிருந்தே சிறிது சிறிதாகக் காட்டி, "முதலில் பேருந்து, பிறகு தேர், பிறகு சாப்பாடு, பிறகு வீடு" என்று படத்தொடராக வைத்துவிட்டால் பாதித் திகில் நீங்கும். காதை மூடும் உறை ஒன்றும் பையில் இருக்கட்டும். அத்தனைக்குப் பின்னும் அவன் "வீட்டுக்குப் போகலாம்" என்னும் கட்டத்தைத் தொட்டால் திரும்பிவிடுவதே முறை. தேரை அடுத்த ஆண்டும் பார்க்கலாம்.

இப்பொழுது, திருத்தணியில் இருபது வயது இளைஞன் ஒருவன் இருப்பதாகக் கொள்க. ஓரிரு சொற்களே பேசுவான். அரக்கோணத்தில் அவனுக்கு ஒரு பயிற்சி நிலையம் இருப்பதாகவும் கொள்க. தந்தை இருசக்கர வண்டியில் நாள்தோறும் கொண்டுபோய் விடுகிறார். தந்தைக்கு அறுபது வயது. இரயிலில் சென்றால் இடையில் இச்சிபுத்தூர் என்னும் சிறு நிலையம். அதை அடுத்து அரக்கோணம். இப்பயணத்தை அவன் தானே மேற்கொள்ள இயலுமா?

முதலில் தந்தை அவனோடு சென்று ஒவ்வோர் இடத்தையும் அவன் கைபேசியாலேயே படமெடுப்பார். வீட்டு வாசல், நிலைய நுழைவாயில், நடைமேடை, இச்சிபுத்தூர்ப் பெயர்ப்பலகை, அரக்கோணப் பெயர்ப்பலகை, பயிற்சி நிலையத்தின் கதவு. படங்கள் வரிசையாக அமையும்; ஒன்று முடிந்தால் அவன் அடுத்ததைத் தள்ளுவான். கற்பிப்பதைக் கடைசியிலிருந்து தொடங்குவது அனுபவம் மிக்க ஆசிரியர்கள் கையாளும் முறை. முதல் இரண்டு வாரம் எல்லாவற்றையும் தந்தை செய்துவிட்டு, அரக்கோண நிலைய வாசலிலிருந்து பயிற்சி நிலையக் கதவு வரை மட்டும் அவன் முன்னே நடப்பான். வெற்றி ஒவ்வொரு நாளும் அவனுடையதாக முடிகிறது. பிறகு இரயிலிலிருந்து இறங்குவதும் அவன் பொறுப்பு, பிறகு ஏறுவதும். பயணச்சீட்டைக் கைபேசியிலேயே பெறலாம், மாதச்சீட்டு இன்னும் எளிது. சில திங்கள் கழித்துத் தந்தை அடுத்த பெட்டியில் இருப்பார். அதன்பின் வீட்டிலேயே இருப்பார். அந்த முதல் நாளில் அவர் எத்தனை முறை கடிகாரத்தைப் பார்ப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவன் இருக்குமிடத்தை வரைபடத்தில் காட்டும் வசதி தந்தையின் கைபேசியில் உண்டு. அதைப் பயன்படுத்துவதில் பிழையில்லை. அவனுக்குத் தெரியாமல் பயன்படுத்துவதுதான் பிழை. "அப்பா இங்கே பார்க்கிறார்" என்று படம் காட்டிச் சொல்லிவிட வேண்டும். இருபது வயதுப் பிள்ளை அவன்.

பணம்? நாணயம் எண்ணத் தடுமாறுவோர்க்கும் கட்டத்தை ஒளிப்படம் எடுத்துச் செலுத்தும் முறை எளிதாக இருக்கிறது. 2024-இல் யு.பி.ஐ. முறையில் 'சர்க்கிள்' என்னும் ஏற்பாடு வந்தது. தந்தை தம் கணக்கிலிருந்து மகன் செலவிட உரிமை தரலாம். மாதத்திற்கு 15,000 ரூபாய், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் என உச்சவரம்பு உண்டு, அதனினும் குறைவாகத் தந்தை வைத்துக்கொள்ளலாம். மாதம் 300 ரூபாய் என்று வைத்தால் அவன் ஏமாந்தாலும் 300 ரூபாயே போகும். தேநீரும் முறுக்கும் வாங்கி, ஒரு நாள் தவறான கடையில் பணத்தை விட்டு வருவான். அந்த 300 ரூபாய் பள்ளிக் கட்டணம் என்று எண்ணிக்கொள்வது மேல்.

சட்டமும் துணை நிற்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சுட்டி ஏற்றது. 18 வயது நிறைந்தோர்க்குச் சட்டக் காப்பாளரை நியமிக்கும் உள்ளூர்க் குழு அச்சட்டத்தின் கீழ் அமைவது. அதன் 'நிராமயா' காப்பீடு ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. தனித்துவ அடையாள அட்டை பெறாத குடும்பங்கள் முதலில் அதற்கு விண்ணப்பிக்கவும். பயிற்சிக்கும் மதிப்பீட்டிற்கும் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

மீண்டும் அந்த இளைஞனிடம் வருவோம். ஒரு நாள் கைபேசியில் மின்னூட்டம் தீர்ந்துவிடும். அல்லது நடைமேடையில் கீழே விழுந்து உடையும். அன்றைக்கென்று அவன் சட்டைப் பையில் உறையிட்ட ஓர் அட்டை இருக்க வேண்டும். ஒரு புறம் தமிழிலும் மறு புறம் தெலுங்கிலும் அதில் எழுதியிருக்கும்: "எனக்கு ஆட்டிசம் உள்ளது. பேச நேரம் ஆகும். என்னைத் தொட வேண்டாம். இந்த எண்ணை அழையுங்கள்." அட்டையை எடுத்து நீட்டுவதையும் நடைமேடையில் ஐந்தாறு முறை அவனைக்கொண்டு செய்து பார்த்துவிட வேண்டும். நீட்டப்படும் அட்டையை வாங்கிப் படிப்பவர் இந்த அவையிலிருந்து சென்ற ஒருவராகவும் இருக்கலாம்.